என் கொல்லையை மேடாக்கிய படம்

எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். எண்கள் தெரியும். அதற்கு மேல் படிப்பில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

ஆலங்குடிப் பக்கம் எனக்கு ஒரு முந்திரிக் கொல்லை இருக்கிறது. அதற்கும் பக்கத்துக் கொல்லைக்கும் நடுவே வரத்துவாரி ஓடுகிறது. மேற்கே பெய்கிற மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் கீழே இருக்கிற என் வயலுக்கு வந்து சேரும். வாரி அடைபட்டால் எனக்கு நெல் கிடையாது.

ட்ரோன் விட்டு ஊரைப் படம் பிடிக்க ஒரு சர்வேயர் வந்தார். தரையில் அங்கங்கே சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டார். மேலிருந்து எடுக்கிற படங்களை இடம் பிசகாமல் பொருத்த அந்தக் குறிகள் வேண்டுமாம். ஒன்று என் களத்தில் விழுந்தது. கோழி கிளறாமல், ஆடு மிதிக்காமல் இரண்டு நாள் கம்போடு உட்கார்ந்து நானே காவல் காத்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு மாதம் கழித்துப் பஞ்சாயத்து ஆபீசில் அந்தப் படத்தைத் திரையில் காட்டினார்கள். பள்ளமெல்லாம் நீலம், மேடெல்லாம் சிவப்பு. என் கொல்லை முழுக்கச் சிவப்பு. வாரியைக் காணோம்.

“பழைய வரைபடத்துல வாரி இருக்குங்கம்மா. ஆனா இப்ப தரை மேடால்ல வருது? மேட்டுல எப்படித் தண்ணி போகும்? தூந்துபோச்சுன்னு எழுதி அனுப்பிருவோம்” என்றார் சர்வேயர்.

பக்கத்துக் கொல்லை என் கொழுந்தனுடையது. வாரியைத் தூர்த்து டிராக்டருக்குப் பாதை போட வேண்டும் என்று பல வருஷமாக அலைகிறவன். அவன் வாய் சும்மா இருக்குமா?

“அண்ணி, ஒங்க கொல்லை மலையாயிருச்சு. ஒரு முருகன் கோயிலக் கட்டிப்புட்டா கிரிவலமே வரலாம்.”

ஆபீசே சிரித்தது. சர்வேயரும் சிரித்தார்.

முந்திரி மரம் தென்னை மாதிரி நெட்டையாக நிற்பதில்லை. கிளையைத் தரைவரை தாழ்த்திப் படர்ந்து கிடக்கும். மரத்துக்கு மரம் கிளை கோத்துக்கொண்டால் மேலே பறக்கிற எதற்கும் அடியில் உள்ள மண் தெரியாது. இவர்கள் இலையின் உச்சியைத் தரையென்று அளந்து வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் சருகு கூட்டி, நிமிராமல் கொட்டை பொறுக்குகிறவள் நான். வாரியில் எந்த இடத்தில் கால் எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

“எந்திரிங்க தம்பி. மலையில ஏறிப் பாப்போம்.”

“சாப்பாட்டு நேரங்கம்மா…”

“வாரி போச்சுன்னா எனக்குச் சாப்பாடே இல்ல. வாங்க.”

கொழுந்தனும் வேடிக்கை பார்க்க வண்டியில் வந்தான். கிளைக்கு அடியில் நான் முதலில் நுழைந்தேன். சர்வேயர் தவழ்ந்து வந்தார். சட்டை கிளையில் மாட்டிக் கிழிந்தது, நான் நிற்கவில்லை. வாரிக்குள் இறங்கி நின்றேன். கரை என் இடுப்புக்கு வந்தது.

அவர் டேப்பை எடுத்து ஆழம் பார்த்தார்.

“இருக்குங்கம்மா. மரத்தையும் தரையின்னு எடுத்துக்கிருச்சு. நாங்க மரத்தக் கழிச்சிருக்கணும்.”

“கழிக்காம எதுக்குச் சிரிச்சீங்க?”

ஆபீசில் போய்த் திருத்துகிறேன் என்றார். இங்கேயே எழுதுங்கள் என்றேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அளக்கவைத்தேன். வாரி இருக்கிறது என்று காகிதத்தில் எழுதினார். இரண்டு பக்கத்துக் கொல்லைக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான் நிதானமாக என் பெயரை எழுதினேன்.

“எனக்கு டவுன்ல சோலி இருக்கு. நாளைக்குப் போடுறேன்” என்று கொழுந்தன் வண்டிக்குப் போனான். போனவன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தான்.

“அண்ணி, வண்டிச் சாவியப் பாத்தீங்களா?”

“வண்டியிலயே விட்டுட்டுல்ல வந்த. என் மடியில இருக்கு. கையெழுத்துப் போடு, தாரேன்.”

“என்ன அண்ணி, சின்னப்புள்ளையாட்டம்!”

உச்சி வெயிலில் அவன் நின்றான். நானும் நின்றேன். வியர்வை வழிய அவன் பேனாவை வாங்கினான்.