வாய்தா வக்கீல் சொன்ன யோசனை

வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பதற்கு நீதிமன்றத்தில் வாய்தா என்று பெயர். எல்லா வக்கீலும் கேட்பதுதான். சாட்சிக்குக் காய்ச்சல், எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அதையே தொழிலாக வைத்துக்கொண்டு, அதிலேயே மாடிவீடு கட்டி, தலைக்கு மை பூசி, வக்கீல் சங்கத் தேர்தலில் ஓட்டும் கேட்ட ஒரே ஆள் என் பக்கத்து அறைக்காரர்தான். வாசல் காவலாளி முதல் நீதிபதி வரை எல்லோருக்கும் அவர் 'வாய்தா'. முகத்துக்கு நேரே 'சார்'.

பக்கத்து அறை என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். ஒரே அறையை நடுவில் பலகைத் தட்டி வைத்துப் பிரித்திருந்தார்கள். தட்டி கூரை வரை போகாது. மேலே சுற்றும் மின்விசிறி இரண்டு பேருக்கும் பொது. அவர் தொண்டையைச் செருமினால் என் கட்சிக்காரர் திரும்பிப் பார்ப்பார். அதனால் அந்தப் பக்கம் நடந்தது எதுவும் எனக்குத் தப்பியதில்லை. தப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவருடைய பாதியில் சுவர் தெரியாதபடி சட்டப் புத்தகங்கள். செத்துப்போன யாரோ ஒரு வக்கீலின் வீட்டிலிருந்து மொத்தமாக அள்ளிவந்தவை. ஒருமுறை அவசரத்துக்கு ஒரு தொகுதியைக் கேட்டு வாங்கினேன். பிரித்ததும் பக்கங்கள் காய்ந்த சருகு மாதிரி நொறுங்கின. "எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கேன் பாத்தீங்களா மேடம்?" என்றார், பெருமையாக.

ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார். உயரம், அகன்ற நெற்றி, வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போன்ற குரல். டீக்கடையில் நின்று அரசியல் பேசினால் கையில் கோப்பையோடு கூட்டம் சேரும். அந்தக் குரலை நம்பித்தான் கட்சிக்காரர்கள் வந்து விழுந்தார்கள். அதே குரல் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் பாதியாகிவிடும். அங்கே அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்: "ஒரு சின்ன வாய்தா வேணும் ஐயா." வெளியே வந்ததும் மறுபடி வளர்ந்துவிடும். "பாத்துக்கலாம், நான் இருக்கேன்ல" என்று கட்சிக்காரரின் தோளைத் தட்டுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய தங்கை தன் மகளை யோசனை கேட்க அழைத்துவந்தாள். பெண் கல்லூரியில் புள்ளியியல் கடைசி வருடம். அடுத்து சட்டம் படிக்கலாமா என்று ஒரு எண்ணம். குடும்பத்தில் ஒரே வக்கீல் மாமாதானே, அவரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

"உக்காரும்மா," என்றார். நாற்காலி பின்னால் சாயும் சத்தம் கேட்டது. சரி, ஆரம்பித்துவிட்டார் என்று நான் பேனாவை மூடினேன். "சட்டம்ங்கறது சாதாரணப் படிப்பு இல்ல. அது ஒரு கடல்."

"எல்லாப் படிப்பையும் அப்படித்தான் சொல்றாங்க மாமா," என்றாள் பெண். "உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில வந்ததும் என்ன பண்ணுவீங்க?"

காலையில் வந்ததும் அவர் செய்தித்தாள் படிப்பார். அதைச் சொல்ல முடியுமா?

"அப்படிக் கேக்கக் கூடாதும்மா. இந்தத் தொழிலுக்கு முதல்ல கம்பீரம் வேணும். அடுத்தது ஆள் பழக்கம். மூணாவதா..." மேசையை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. "மூணாவது இப்ப ஞாபகம் வரல. ஆனா அதுதான் முக்கியம்."

தங்கை பக்தியோடு 'ம்' கொட்டினாள். அண்ணன் சொல்வது எல்லாம் அவளுக்கு வேதவாக்கு. பெண் விடவில்லை.

"நீங்க வாதாடினதுல பெரிய கேஸ் எது மாமா?"

உடனே ஒரு கொலைவழக்கை எடுத்துவிட்டார். போலீஸ் காட்டிய கத்தி தன் கட்சிக்காரருடையதே இல்லை என்று மூன்று நாள் வாதமாம். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாய்பிளந்து கேட்டாராம். நானும் தட்டிக்கு இந்தப் பக்கம் வாய்பிளந்துதான் கேட்டேன். ஏனென்றால் அந்த வழக்கை நடத்தியவர் என் சீனியர். நான் அவருக்கு வழக்குக் கட்டு தூக்கினேன். வாய்தா பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை தாங்காமல் என் சீனியரே போய் அவரை எழுப்பிவிட்டார்.

"அந்தக் கத்தி அவரோடது இல்லன்னு எப்படி நிரூபிச்சீங்க?" என்றாள் பெண்.

"அது டெக்னிக்கல் விஷயம்மா. உனக்குப் புரியாது."

"சொன்னா புரிஞ்சுக்குவேன்."

"நாளைக்கு கோர்ட்டுக்கு வா. கண்ணால பாரு. சொல்லிப் புரியவைக்கிற தொழில் இல்ல இது."

இன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நாளைக்கு ஒரு வாய்தா. சொந்த மருமகளுக்கே கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவள் வந்தாள், தனியாக. எனக்கும் அதே நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருந்ததால் நானும் உள்ளே இருந்தேன். அன்றைக்கு வாய்தாவின் வழக்கு ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவருடையது. டிரைவர் வீட்டுக்குப் போகும் பொதுப்பாதையின் குறுக்கே பக்கத்து வீட்டுக்காரன் ஒரு சுவர் எழுப்பிவிட்டான். கேட்டதற்கு, இடம் என்னுடையது என்றான். அன்றிலிருந்து டிரைவர் கொல்லைப்புறச் சுவரில் ஏணி வைத்து ஏறி, பின்னால் இருக்கும் லாரிப் பட்டறைக்குள் இறங்கித்தான் வெளியே போய்வருகிறார். பட்டறை முதலாளி நல்லவர், ஒன்றும் சொல்வதில்லை. டிரைவரின் மனைவிக்கு மூட்டுவலி. ஏணி ஏற முடியாது. பட்டறை ஆட்கள் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினால்தான் அவளுக்கு வெளியுலகம். தீர்ப்பைக் காதால் கேட்டாக வேண்டும் என்று அன்றைக்கு அப்படித்தான் வந்திருந்தாள். வருடக்கணக்காக ஒவ்வொரு முறையும் டிரைவர் போய்வந்து 'அடுத்த தடவை' என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு அவர் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. மருமகள் அவர்கள் பக்கத்தில்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. ஜூனியரைக்கூட அனுப்பவில்லை. நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:

"அவங்க வராட்டி போகட்டும். சாட்சி எல்லாம் முடிஞ்சிருக்கு. நான் முழுக்கப் படிச்சுட்டேன். நீங்க சொல்ல வேண்டியதைச் சுருக்கமாச் சொல்லுங்க, இன்னைக்கே முடிச்சிடலாம்."

வக்கீல் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வாய்ப்பதற்கு நாங்கள் தவம் கிடப்போம். எதிராளி இல்லை, நீதிபதி நம் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். 'பாதை பொது, சுவர் புதுசு' என்று சொன்னால்கூடப் போதும்.

வாய்தா எழுந்தார். அங்கியைச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார்.

"ஒரு சின்ன வாய்தா வேணும் ஐயா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வழி அடைபட்டிருக்கறது உங்க கட்சிக்காரருக்குத்தானே?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப வாய்தா கேக்க வேண்டியது அவங்கதானே? நீங்க ஏன் கேக்குறீங்க?"

"தயாரா இல்லீங்க ஐயா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தட்டச்சு செய்யும் அம்மாள்கூட இயந்திரத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். காது சரியாகக் கேட்காத டிரைவரின் மனைவி, எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்து, சத்தமாகக் கேட்டாள்: "என்னங்க, ஜெயிச்சிட்டமா?"

"அடுத்த மாசம் சொல்றாங்களாம்," என்றார் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

வராந்தாவுக்கு வந்ததும் வாய்தாவின் குரல் திரும்பிவிட்டது. "பாத்தியாம்மா? ஜட்ஜ் எப்படி மடக்கப் பாத்தாரு! எப்படி நழுவினேன் பாத்தியா?" மருமகள் அவரைத் தாண்டி நடந்தாள். டிரைவரிடம் போய், "நீங்க ஏன் வேற வக்கீல் வெச்சுக்கக் கூடாது?" என்று கேட்டாள். டிரைவர் பதறிப்போய்ச் சுற்றும்முற்றும் பார்த்தார். "ஐயோ, வேணாம்மா. அவரு மனசு கஷ்டப்படும்."

இந்த உலகத்தில் வாய்தாக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு பதிலைத்தான் சொல்வேன்.

அறைக்கு வந்ததும் மாமாவும் மருமகளும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தட்டி இருப்பது அவருக்கு மறந்துவிட்டதோ, இல்லை என்னை ஒரு பொருட்டாக நினைக்கவில்லையோ, தெரியாது.

"ஏன் மாமா பேசல?"

"அதுல ஒரு தந்திரம் இருக்கும்மா..."

"எதிர்ல ஆளே இல்ல. யார்கிட்ட தந்திரம்?"

நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. டீக்கடைக் குரலும் இல்லை, நீதிமன்றக் குரலும் இல்லை. "எழுந்து நின்னா தொண்டை அடைச்சுக்குதும்மா. முதல் கேஸ்லயே அப்படித்தான். படிச்சது அத்தனையும் மறந்துபோச்சு. எதிர்ல இருந்தவன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்திக் குடுத்தான். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு வாய்தா கேட்டேன், குடுத்துட்டாங்க. அப்புறம் அதுவே..."

ஒத்துக்கொள்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கும் மனசு இளகியது. முதல்முறை எழுந்து நின்றபோது நானும் என் கட்சிக்காரரின் பெயரைத் தப்பாகச் சொன்னவள்தான். யார்தான் உளறவில்லை?

மருமகளுக்கு இளகவில்லை. "உங்களுக்குப் பயம்னா, அதுக்கு அந்த அம்மா ஏன் நாற்காலியில தொங்கணும்?"

"மரியாதையாப் பேசு. நீ யோசனை கேக்க வந்தவ."

"கேட்டாச்சு மாமா. இப்ப நான் ஒண்ணு சொல்றேன். அந்தக் கேஸ் கட்டை அடுத்த ரூம் மேடத்துக்கிட்ட குடுத்துடுங்க. இந்தத் தொழிலையும் விட்டுடுங்க. உங்களுக்கு வேற எது வேணா நல்லா வரும்."

நாற்காலி தடாலென்று பின்னுக்கு நகர்ந்தது. என்னென்னவோ கத்தினார். தாய்மாமன் என்கிற மரியாதை, இந்தக் காலத்துப் பிள்ளைகள், தங்கச்சி வளர்த்த லட்சணம். நாலு அறை தாண்டிக் கேட்டிருக்கும். அந்தக் குரலில் கால்வாசியை அன்று காலையில் செலவழித்திருந்தால் சுவர் விழுந்திருக்கும்.

அவள் வெளியே வந்து நேராக என் பக்கம் நுழைந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"எல்லாம் கேட்டிருப்பீங்க மேடம்."

"கேட்காம இருக்க வழியில்லம்மா."

"நான் லா சேரலாமா?"

நான் யாருக்கும் யோசனை சொல்கிற ஆள் இல்லை. ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்டதற்குப் பரிகாரமாகவாவது ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. "ஆரம்பத்துல யாரும் உன்னைத் தேடி வர மாட்டாங்க. புழுக்கத்துல அங்கியைப் போட்டுக்கிட்டு யாரோட கேஸ் கட்டையோ தூக்கிக்கிட்டு நிக்கணும். ராத்திரி பகலாப் படிச்சது பாதி உதவாது. தோத்தா உன்னாலதான்னு சொல்வாங்க, ஜெயிச்சா அவங்க பக்கம் நியாயம் இருந்துச்சும்பாங்க. இதெல்லாம் பரவாயில்லன்னா சேரு. ஒருத்தருக்காக எழுந்து நிக்க முடியாதுன்னா தயவுசெய்து சேராத. ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கோம்."

"இருக்கோம்னா?"

"இருக்காங்க," என்று திருத்திக்கொண்டேன். அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

டிரைவரை அவளே போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். பட்டறைக்குள் புகுந்து, அதே ஏணியில் ஏறி அவர் வீட்டுக்குள் இறங்கினாளாம். கட்டை என்னிடம் மாற்றித் தருவதற்கும் வாய்தா நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுத்தடித்தார். கடைசியில் தங்கை வந்து அழுத பிறகு தட்டிக்கு மேலாக என் மேசையில் போட்டார். போட்டார் என்றால் உண்மையாகவே போட்டார். என் மைக்கூடு கவிழ்ந்தது. அதுவரை அண்ணனைக் கடவுளாக நினைத்தவள், "உனக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

வழக்கில் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான். இந்த முறை எதிர்த்தரப்பு வக்கீல் வந்திருந்தார், நன்றாகவே சண்டை போட்டார். ஆனாலும் பழைய வரைபடத்தில் பாதை தெளிவாக இருந்தது. தீர்ப்பு வந்து, அதை நிறைவேற்றும் நீதிமன்ற அமீனா முன்னிலையில் சுவரை இடித்தார்கள். டிரைவர் மறக்காமல் வாய்தாவுக்கும் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். வாய்தா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். "நான் போட்ட அஸ்திவாரம்," என்று சொன்னது தட்டியைத் தாண்டி எனக்குக் கேட்டது.

பெண் சட்டக்கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வாய்தா வழக்கு நடத்துவதை விட்டுவிட்டார். அவளுடைய பேச்சைக் கேட்டு அல்ல. அன்று நீதிமன்றத்தில் எழுந்த சிரிப்பு அடங்கவே இல்லை என்பதால்தான். இப்போது நீதிமன்ற வாசலில் மேசை போட்டு, உறுதிமொழிப் பத்திரங்களுக்கு முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுகிறார். வாய் திறக்க வேண்டாத வேலை. நன்றாகவே செய்கிறார் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளைச் சட்டம் படிக்கவைக்க நினைக்கும் பெற்றோர் யாராவது அங்கே மாட்டினால், தன் மருமகளைத் தானே கைபிடித்து இந்தத் தொழிலுக்குக் கூட்டிவந்த கதையைச் சொல்கிறார். அவர்களும் பக்தியோடு 'ம்' கொட்டுகிறார்கள்.

பாவம், இப்போது யாருக்கும் கெடுதல் செய்யாத மனிதர் என்கிறார்கள் சக வக்கீல்கள். அப்படிச் சொல்பவர்கள் யாரும் நாற்காலியில் வைத்து இறக்கப்பட்டவர்கள் அல்ல.

விடுமுறைகளில் மருமகள் என்னிடம் வேலை கற்க வருகிறாள். வாசலில் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"சாப்பிட்டியாம்மா?" என்பார்.

"சாப்பிட்டேன் மாமா," என்பாள்.

அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சில்லை. அதில் அவருக்கு ரொம்ப வருத்தம் என்று தங்கை சொல்கிறாள். இருக்கட்டும்.