ஒண்ணாந்தேதிக்காரரின் வட்டி

சலூன்காரருக்கு உலகத்தில் யார் மேலும் பொறாமை கிடையாது, ஒரே ஒருவரைத் தவிர. எதிர்வரிசையில் ஒருவன் கண்ணாடிக் கதவு போட்டுப் புதுக் கடை திறந்தபோதுகூட, "பொழைச்சுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார். ஆனால் வீட்டில் சகலையின் பேச்சை எடுத்தால் போதும், வயிறு எரியத் தொடங்கிவிடும். மனைவியின் அக்காவைக் கட்டிய அந்தச் சகலை, ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். மாதம் பிறந்தால் சம்பளம் தானாக வங்கியில் வந்து விழும். அதனால் சலூன்காரர் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் ஒண்ணாந்தேதி.

ஒண்ணாந்தேதிக்கு ஐம்பது வயதிலும் தலை நிறைய முடி. அதை வெட்டிவிடும் சலூன்காரருக்கோ முன்பக்கம் பாதி காலி. சொந்தக்காரர் என்பதால் காசும் கேட்க முடியாது. வெட்டி முடித்ததும் சகலை கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் கத்தரியைக் கீழே வைத்துவிடுவதே நல்லது என்று சலூன்காரருக்குத் தோன்றும்.

முடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வங்கி வட்டியைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு மருமகன்களுக்கும் ஒரே நாளில், ஒரே வங்கியில், ஒரே தொகையைப் போட்டுச் சேமிப்புக் கணக்கு திறந்து கொடுத்தவர் மாமனார். அதற்குப் பிறகு மாதாமாதம் இவ்வளவு போடுவது என்று அக்காவும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வீடும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அப்படியிருந்தும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்போது ஒண்ணாந்தேதி வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். பெரிய வித்தியாசமில்லை, இரண்டு பேர் டீ குடித்தால் தீர்ந்துபோகும். ஆனால் மனைவி அதைச் சொல்லும் விதம்தான் அவரைக் கொன்றது.

"அக்கா வீட்டுக்கு இந்தத் தடவையும் நம்மளவிட ஜாஸ்தியாங்க."

"அவரு வேற ஏதாவது போட்டிருப்பாரு."

"இல்லையாம், அதே பணம்தானாம். மாமா விவரமா இருக்காரு."

விவரமாம். அந்த ஒரு சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை. மனைவியின் வாயிலிருந்து அதே சொல் தன்னைப் பற்றி ஒரே ஒரு தடவை வர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சகலையே ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தபடி, "சகல, மாசக் கடைசில மொத்தமா போடாதீங்க. வர்றத வர்றப்பவே..." என்று ஆரம்பித்தார். எனக்கே புத்தி சொல்ல வந்துவிட்டாரா என்று சலூன்காரர் அவருடைய காதோரம் மிஷினை ஓட்டி, மீதிப் பேச்சை அமுக்கிவிட்டார்.

மாதக் கடைசியில் மொத்தமாகப் போடுவதில்தான் அவருடைய சந்தோஷமே இருந்தது. தினமும் மிஞ்சும் காசைக் காலியான பவுடர் டப்பாவில் போட்டு வைப்பார். கடைசி நாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், நோட்டு எண்ணும் மிஷின் அவருக்காக ஓடும். வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதற்காகவே அன்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார்.

ஒருநாள் அந்த வங்கியின் கிளார்க் முகம் வழிக்க வந்தார். முகமெல்லாம் நுரை பூசி, எழுந்து போக முடியாதபடி செய்துவிட்டுச் சலூன்காரர் கேட்டார்.

"ஒரே பணத்துக்கு ஒருத்தருக்கு மட்டும் வட்டிய கூட்டிக் குடுக்கறீங்களே, நியாயமா சார்?"

"அப்படியெல்லாம் குடுக்க முடியாதுங்க. தினமும் சாயங்காலம் கணக்குல என்ன மீதி நிக்குதோ, அதுக்கு அன்னைக்கு ஒரு நாள் வட்டி. வருஷத்துக்கு நூத்துக்கு மூணுன்னா, அத முந்நூத்தி அறுபத்தஞ்சா பிரிச்சதுதான் ஒரு நாள் பங்கு. சேந்தத மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரவு வைப்போம். நீங்க எப்ப போடறீங்க?"

"மாசக் கடைசில. அதுவரைக்கும் பவுடர் டப்பால இருக்கும்."

"அப்ப அந்த டப்பாதான் உங்களுக்கு வட்டி குடுக்கணும்." கிளார்க் நுரைக்குள் சிரித்தார். "உடனே வேணாம்ங்கற பணத்த ஒரு வருஷ டெபாசிட்டா மாத்திடுங்க. சேமிப்பவிட நல்லாவே வரும்."

டெபாசிட் சலூன்காரரின் காதில் ஏறவில்லை. வேறு கணக்கில் ஜெயித்து என்ன பயன்? அதே சேமிப்புக் கணக்கில், அதே பணத்தில் ஒண்ணாந்தேதியை முந்த வேண்டும். மறுநாளிலிருந்து மதியம் கடையைச் சாத்திவிட்டு, முந்தின நாள் வரவை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் இரண்டு தலையாவது எதிர்க்கடைக்குப் போய்விடும். அதில் போன கூலி, வருஷம் முழுக்க வட்டியில் கிடைக்கப்போகும் லாபத்தைவிட அதிகம். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஓடினார்.

இதற்கு நடுவில், எப்போதோ ஒருமுறை வரும் சகலை வாராவாரம் வர ஆரம்பித்தார். அதுவும் வேலை நாளில், பளபளக்கும் செருப்பும் கையில் ஒரு பையுமாக. "நல்லா வழிச்சு விடுங்க சகல, பெரிய ஆளுங்கள பாக்கப் போகணும்" என்பார். பதவி உயர்வு வந்துவிட்டது என்று சலூன்காரர் முடிவு கட்டினார். வழித்து முடித்த பிறகும் சோப்பின் நுரையைப் போலப் பொங்கிக்கொண்டே இருந்தார்.

வட்டி வந்தது. வழக்கத்தைவிடக் கூடுதல். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போனார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்க எவ்ளோவாம்?"

"விடுங்களேன்."

"சொல்லு."

சொன்னாள். இவர்களுக்கு வந்ததில் பாதிகூட இல்லை. சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்பவாவது தெரியுதா, யாரு விவரமானவங்கன்னு?"

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கணக்குல பணமே இல்லீங்க. மாமாவுக்கு வேல போயி மூணு மாசமாச்சு. இருந்தத எடுத்துத்தான் சாப்பிடறாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டா."

"எங்கிட்ட மட்டும் ஏன்?"

"நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு மாமா சொன்னாராம்."

அப்போதுதான் அவர் சந்தோஷப்பட்டு முடித்திருந்தார். மனைவி மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

மறுநாள் காலையில் சகலை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். போர்வையைக் கட்டிவிடும்போது கழுத்து இளைத்திருப்பது கைக்குத் தெரிந்தது. இத்தனை வாரம் அதே கழுத்தைத் தொட்டும் அது தெரியவில்லை.

"வட்டி வந்துச்சா சகல?" என்றார் சகலை.

"வந்துச்சு."

"இந்தத் தடவ எப்படி?"

இந்தக் கேள்விக்காக மூன்று மாதம் கடையைச் சாத்திவிட்டு ஓடியிருந்தார் சலூன்காரர்.

"எப்பவும் போல கம்மிதான்."

கண்ணாடியில் சகலையின் முகம் பழையபடி மலர்ந்தது. "நான் அப்பவே சொன்னேன், வர்றப்பவே போடுங்கன்னு. நீங்க எங்க கேட்டீங்க?"

"மிஷின் சத்தத்துல சரியா கேக்கல. இப்ப சொல்லுங்க."

சகலை முதலிலிருந்து தொடங்கினார். தினமும் நிற்கும் மீதி, ஒரு நாள் பங்கு, மூன்று மாத வரவு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். சலூன்காரர் மிஷினை எடுக்கவே இல்லை. கத்தரியாலேயே மெதுவாக வெட்டி, எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். தலை நிறைய முடி. அதைப் பார்க்கும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் எரிந்தது.