ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த பிள்ளைகள்

இந்த சீசனில் நான் ஒரு நாள்கூட அருவியில் தலை நனைக்கவில்லை, பிள்ளைகளே. தென்காசியில் குடியிருந்துகொண்டு... சாரல் வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டும். குற்றாலத்துக்குப் போகாமல் இல்லை. ஐந்தாறு தடவை போனேன். குளிக்க அல்ல — ஓர் அதிகாரியைத் தேடி.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதைதான். இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என் மூத்த மகள் கோமதியின் வீட்டுக்காரர் மலேயாவில், ஈப்போ ஊரில் வேலை பார்க்கிறார். கோமதியும் அவள் மகள் உலகுவும் இதுவரை என் வீட்டில் இருந்தார்கள். உலகு அப்பாவை நேரில் பார்த்ததைவிட போட்டோவில் பார்த்ததுதான் அதிகம். இந்த வருஷம் மாப்பிள்ளை எப்படியோ அலைந்து இரண்டு பேருக்கும் பெர்மிட் வாங்கிவிட்டார். ஆனால் அதில் ஒரு நிபந்தனை. குழந்தை கப்பலை விட்டு இறங்கும் நாளில் ஆறு வயசு முடிந்திருக்கக் கூடாது. முடிந்திருந்தால் தாய் மட்டும் இறங்கலாம். பிள்ளை இறங்க முடியாது.

உலகுவுக்கு ஐப்பசியில்தான் ஆறு முடிகிறது. பெர்மிட் வந்தது வைகாசியில். ஆவணியில் கப்பல். தாராளமாக நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். மனு எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த நேரம் போதாது என்று தெரிந்தது.

முதலில் பாஸ்போர்ட் மனு — வெளிநாடு போகிறவர்களுக்கு சர்க்கார் கொடுக்கும் சின்னப் புத்தகத்துக்கான மனு. இங்கிலீஷில் நாலு பக்கம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சைக்கிள் பாகங்களின் பெயரோடு சரி. ஆகவே கோமதியும் நானும் மனு எழுதிக் கொடுக்கும் ஒரு ரைட்டரிடம் போனோம். அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். ‘தொழில்’ என்ற இடத்தில் அவரே ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

கோமதி எட்டிப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லன்னா போட்டிய? காலைல அஞ்சு மணிக்கு எந்திக்கேன், ராத்திரிதான் உக்காருதேன். ஒரு நாளு எங்க வீட்டுக்கு வந்து அந்த ஒண்ணுமில்லாததச் செஞ்சு பாருங்க.”

“ஆத்தா, பாரத்துல அப்பிடித்தான் எழுதணும்” என்றார் ரைட்டர், தலை நிமிராமல்.

“கட்டுன புருசன் கூப்பிடுதாக. நான் போறேங்கேன். எடையில இத்தன பேரு எதுக்கு?” என்றாள் கோமதி. நியாயமான கேள்வி. ரைட்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவள் அவருடைய மனைவிதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். குழந்தையின் வயசுக்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். பிறப்புப் பதிவின் நகல் வாங்கி வைத்தேன். அதில் பெயர்கூட இல்லை — ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது, தாய் தகப்பன் பெயரோடு. பார்க்க மொட்டையாக இருந்தது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று உலகுவின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டையும் சேர்த்துவைத்தேன். அதில் பெயர் இருந்தது. நல்ல வட்டமான சீல் இருந்தது. சீலைக் கண்டால் மதிப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

சீலைத்தான் பார்த்தேன். தேதியைப் பார்க்கவில்லை.

ஆனிக் கடைசியில் மனு திரும்பி வந்தது. இரண்டு காகிதத்தில் இரண்டு பிறந்த தேதி; எது உண்மை? பள்ளிக்கூடத்துத் தேதிப்படி குழந்தைக்கு ஜூன் மாதமே ஆறு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள்.

அந்தத் தேதி எப்படி வந்தது? அதுதான் வெட்கக்கேடு.

போன வருஷம் உலகுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். அப்போது அவளுக்கு நாலரைக்கு மேல், ஐந்துக்குள். வளர்த்தியான பிள்ளை, தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொட்டுவிட்டாள். தலைமையாசிரியர் சிரித்தார். “காது எட்டுது. வயசுதான் எட்டல, அண்ணாச்சி.”

“கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கிடுங்க, சார்வாள். வீட்டுல சும்மாதான இருக்கா.”

“அப்பம் ஜூன் ஒண்ணுன்னு போட்டுருதேன். நம்ம ஒண்ணாங்கிளாஸ்ல முக்காவாசிப் பிள்ளைய ஜூன் ஒண்ணுதான் பொறந்திருக்கு.”

இரண்டு பேரும் சிரித்தோம். உங்களில் எத்தனை பேருக்கு ஜூன் ஒன்று பிறந்த நாள்? வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்பா பேச்சை மாற்றுவார்.

மனு திரும்பி வந்த அன்று கோமதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “எப்பா, பிள்ளைய விட்டுட்டு நான் போவமாட்டேன். பெர்மிட்டு போனா போவட்டும்” என்று மட்டும் சொன்னாள். அடுத்த பெர்மிட்டுக்குள் உலகுவுக்கு ஆறு தாண்டிவிடும். பிறகு மகள் இங்கே, மாப்பிள்ளை அங்கே... கடைசிவரைக்கும் போட்டோதான். நாலஞ்சு மாசத்தைக் கூட்டிச் சொன்னது நான்.

இனி ஓர் அதிகாரி விசாரித்து, எது சரியான தேதி என்று எழுதித் தர வேண்டும். எந்த அதிகாரி, எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். ஆபீஸுக்குப் போனால் கிளார்க் ஒரே பதிலைச் சொன்னார்: “ஐயா குத்தாலம் போயிருக்காக. விருந்தாளி வந்திருக்கு.” மறுநாள் வேறு விருந்தாளி. சீசனில் பெரிய மனுஷர்களுக்கு எங்கிருந்துதான் இத்தனை சொந்தக்காரர்கள் முளைப்பார்களோ! குற்றாலத்துக்கு ஓடினால், “இப்பதான் அஞ்சருவிக்குக் கெளம்புனாக” என்பார்கள். ஐந்தருவிக்கு ஓடினால் அவர் சாப்பிடப் போயிருப்பார்.

கடைசியில் ஒரு நாள் கோமதியையும் உலகுவையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே குற்றாலம் போய், அவர் தங்கியிருந்த பங்களா வாசலில் நின்றுவிட்டேன். அவர் தலையில் ஈரத்துண்டோடு வந்தார். நல்ல மனுஷர்தான். நின்றபடியே இரண்டு காகிதத்தையும் பார்த்தார்.

“எதுவே நிசம்?”

“பிறப்புப் பதிவுதான் நிசம், ஐயா.”

“அப்பம் இது?”

“நான்தான் கூட்டிச் சொன்னேன்.”

“அதை அப்பிடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்.”

“எப்படி எழுத, ஐயா?”

“பொய் சொன்னேன்னு எழுதும். வேற எப்பிடி எழுதுவீரு?”

வாராவாரம் பத்திரிகையில் உங்களுக்கு எழுதுகிற கை இது. ‘பொய்’ என்ற இரண்டெழுத்தை எழுத அன்றைக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. உலகு எழுத்துக்கூட்டி வாசித்தாள். “தாத்தா, எங்க கிளாஸ்ல பொய் சொன்னா முட்டுக்கால் போடணும்” என்றாள்.

“போட்டாத்தான் என்னவே?” என்றார் அதிகாரி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போவட்டும், விடும்” என்று கையெழுத்துப் போட்டார். சீல் தென்காசியில் இருந்தது. அதற்கு இன்னும் மூன்று நாள் நடந்தேன்.

பாஸ்போர்ட் வந்தது. கப்பல் ஏறினார்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கரை இறங்கிவிட்டார்கள். உலகு அப்பாவைக் கண்டதும் கோமதியின் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். சாயங்காலத்துக்குள் அவர் தோளில் ஏறிவிட்டாளாம்.

நேற்று மாப்பிள்ளையிடமிருந்து இன்னொரு கடிதம். ‘எல்லாரும் சுகம். உலகு ஊரில் ஒன்றாம் வகுப்பு முடித்தவள்தானே, இங்கே இரண்டாம் வகுப்பில் சேர்க்கப் போனேன். வயசு போதாது, மறுபடி ஒன்றாம் வகுப்பிலேயே உட்காரட்டும் என்கிறார்கள். அந்த ஜூன் ஒன்றாம் தேதி சர்டிபிகேட் உங்களிடம் இருந்தால் உடனே அனுப்பவும்.’

ஒன்றாம் வகுப்பையே இன்னொரு தடவை படிக்கட்டும் என்று நேற்றே பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். இரண்டு தடவை படித்தால் பாடம் மனசில் நிற்கும். எனக்கு நின்றுவிட்டது.