கருந்துளை மாப்பிள்ளை

கருந்துளை ஆராய்ச்சியில் கணக்குப் போடுவதுகூடச் சுலபம், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று யாராவது கேட்டால்தான் எனக்கு வியர்க்கும். ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஒப்பந்த விரிவுரையாளர். வருஷா வருஷம் நீட்டிப்புக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் வாசகர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பாலோவில் முதல் நாள்

செனாய் தொழிற்சாலையில் வேலை செய்யும் புவனாவும் நானும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தோம். அவள் வீட்டில் பேச அவள் ஊரான பாலோவுக்குப் போனேன். அவள் அப்பா லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நம் உலகத்தில் இருப்பதைவிட அதிகப் பரிமாணங்கள் இருந்தால், அங்கே ஒரு கருந்துளை நிலையாக இருக்குமா, உடைந்துபோகுமா என்று பார்ப்பதுதான் என் வேலை என்றேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது இருக்கட்டும் தம்பி. உங்க வேலை கான்ட்ராக்ட்னு புவனா சொல்லுச்சே. மொதல்ல அது நெலையாகட்டும், அப்புறம் தேதி பாப்போம்."

அடுப்படியில்

அவள் அம்மாதான் பரிவோடு, அந்தக் கருந்துளை வேறென்ன செய்யும் என்று கேட்டார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தண்ணீர் கொதித்து ஆவியாவது மாதிரி, சில கருந்துளைகள் குறிப்பிட்ட சூடு வந்ததும் சட்டென்று சின்னதிலிருந்து பெரியதாக மாறிவிடும் என்றேன். அவர் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரரும் கல்யாணம் ஆனதும் அப்படித்தான் தம்பி ஆனாரு."

தே தாரிக்

நிரந்தரப் பணிக்கு விண்ணப்பித்தேன். பதிலே வரவில்லை. செனாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் என்ன என்று புவனாவிடம் இழுத்தேன். அவள் முகம் வாடிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக, கடைக்காரர் உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த தே தாரிக்கைக் காட்டினேன். ஐந்து பரிமாணத்தில் கயிறு மாதிரி கருந்துளைகூட உண்டு, மெலிதாக நீட்டினால் அந்தத் தேநீர் மாதிரியே துளித்துளியாக அறுந்துவிடும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "தெரியுதுல்ல. அப்புறம் ஏன் நீங்க நீட்டிக்கிட்டே போறீங்க?"

மறுபடியும் பாலோ

ஒருவழியாகப் பதில் வந்தது. நிரந்தரம் இல்லை, இன்னும் ஒரு வருஷ நீட்டிப்பு. புவனாவை இழந்துவிடுவேனோ என்று பயம் வந்தது. இருந்தாலும் நேரில் போய் உள்ளதைச் சொன்னேன். புவனாதான் அப்பாவிடம் பேசினாள். "வேலை நெலையில்லன்னா என்னப்பா, ஆளு நெலையாத்தான் இருக்காரு. நான் பாத்த நாள்லேருந்து அதே ஓட்டையத்தான் மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகளிடம் சொன்னார்: "சரி, அந்தக் காலண்டர எடு லா."

ஆக, அதிகப் பரிமாணங்களைப் பற்றி நான் சொன்ன எதையும் ஒருவரும் சட்டைசெய்யாமலேயே எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.