சம்பங்கியின் கால்கள்

எல்லப்பன் பெற்ற மகளைக் கொடுமைப்படுத்தினான் என்று சொல்கிறார்களே, அவர்கள் ஒரு நாளாவது அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்களா? வேலிக்கு வெளியே நின்று பிள்ளை அழுததைக் கேட்டதோடு சரி. பெண்டாட்டியைக் களையெடுக்க அனுப்பிவிட்டு வீட்டில் சும்மா கிடந்தானாம். அதுவும் பொய். விடிந்ததும் மாடு கறப்பான், ஏர் பூட்டுவான், இடையில் மகளோடு உட்காருவான். உத்தனப்பள்ளியில் அவனைப்போல ஓடியாடினவன் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் வாய் வராது.

சம்பங்கி குறைமாதத்தில் பிறந்தவள். பேச்சுக்குக் குறைவில்லை. கால்தான் வரவில்லை. தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும், குதிகால் தரையில் படாது. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் எல்லப்பனும் பெண்டாட்டி மாதம்மாளும் வண்டி கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நர்ஸ் தேவமணி பிள்ளையைப் பாயில் கிடத்தி, முழங்காலை மெல்ல நீட்டி, பாதத்தை மேலே மடக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"மூளையிலேருந்து காலுக்குப் போற சேதி சரியாப் போவல. அதான் சதை இறுகுது. தினமும் மெல்ல நீட்டி விடுங்க. விட்டுட்டா மடங்கினது மடங்கினபடியே நின்னுரும்."

"நடப்பாளாம்மா?" என்றான் எல்லப்பன்.

"அதை நான் சொல்ல முடியாதுங்க. நீட்டாம விட்டா நடக்கமாட்டா. அதைத்தான் சொல்ல முடியும்."

ஊருக்கு வந்து அவன் செய்தது ஒரு குடியானவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மாடு ஓட்டும் கோலுக்கு மூங்கில் வெட்டினால், கோணலை நெருப்பில் வாட்டி, முட்டியில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தி நிமிர்த்துவார்கள். காலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான், முழங்காலில் கை வைத்து ஒரே அழுத்து. பிள்ளை அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. தொடை வீங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு அப்பன் பக்கத்தில் வந்தாலே கால் இரண்டும் விறைத்துக் கட்டையாகிவிடும். அந்த ஒரு நாளைத்தான் ஊர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வீட்டில் இருந்த அவன் அக்கா லட்சுமியம்மாள் அன்றைக்கே வந்து சொன்னாள். "ஏண்டா எல்லப்பா, சாமி குடுத்தது அப்பிடி. ஒரு மூலையில குந்தவெச்சு சோறு போட்டா ஆச்சு. என்னாத்துக்கு அதைப் போட்டுக் கொல்லுற?"

எல்லப்பன் கொஞ்ச நாள் அந்தக் காலைத் தொடவே இல்லை. முழங்கால் முன்னைவிட மடங்கிவிட்டதைக் குளிப்பாட்டும்போது கண்டவள் மாதம்மாள்.

"அவ அழுதா நான் பாதியில விட்டுருவேன். நீதான் பாக்கணும். களைவெட்டை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வீட்டில் கன்னடக்காரரிடம் வாங்கிய மாடு ஒன்று இருந்தது. அதற்குத் தமிழ் ஏறாது. "சும்னிரு தாயி, சும்னிரு" என்று, சும்மா இரு அம்மா என்று, அதன் பாஷையிலேயே கொஞ்சினால்தான் உடம்பைத் தளர்த்திப் பால் விடும். அவசரப்பட்டு இழுத்தால் பாலை மேலே ஏற்றிக்கொள்ளும். மறுநாள் விடியலில் மாட்டின் மடியில் கை வைத்துக் காத்திருந்தவனுக்கு, நர்ஸ் 'மெல்ல' என்றது அப்போதுதான் உறைத்தது. அவள் கை இழுக்கவில்லையே, பிடித்துக்கொண்டு காத்திருந்ததே.

சொம்பை வைத்துவிட்டு நேராக மகளிடம் போனான். பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, "சும்னிரு தாயி" என்றான்.

"நான் இன்னா மாடா?" என்றாள் சம்பங்கி.

"மாடே பரவால்ல. நீதான் ஒதைக்கற."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபோது தொடை தளர்ந்தது. தளர்ந்த அளவுக்கு நீட்டினான். இறுகியதும் அங்கேயே பிடித்துக் காத்திருந்தான். மறுபடி தளர்ந்தது. மறுநாள் அவளே காலைக் காட்டி, "புடி" என்றாள்.

கால் பின்னாமல் இருக்க, நர்ஸ் சொல்லியிருந்தபடி கோணிக்குள் ராகி வைக்கோலைத் திணித்து உருட்டிக் கட்டி, குதிரை ஏற்றுவதுபோல் அவளை அதன்மேல் உட்கார வைத்தார்கள். பொட்டைப்பிள்ளை காலை அகட்டி உட்காருவதா, நாளைக்கு எவன் கட்டுவான் என்று ஊர் புதிதாக ஒன்று பேசியது. நிற்க வராத பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடினார்கள் அந்தப் புண்ணியவான்கள்.

மாமரம் காய்த்து ஓய்ந்து மறுபடியும் காய்த்தது. குதிகால் தரையில் பட்டது. சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு முழங்கால்கள் உரச, இப்படியும் அப்படியும் சாய்ந்து வீட்டுக்குள் நடந்தாள். வெளியே வா என்றால் மட்டும் மாட்டாள். சிரிப்பார்கள் என்று பயம்.

ஒரு நாள் காலை லட்சுமியம்மாள் மறுபடியும் வாசலில் வந்து நின்றாள். "இன்னுமாடா அந்தக் காலையே கட்டிக்கினு அழுவற? ஆம்பளை செய்யற வேலையாடா இது?"

எல்லப்பன் கறந்த பால் சொம்பைப் பக்கத்தில் நின்ற மாதம்மாளிடம் கொடுத்தான். உள்ளேயிருந்து கதவு திறந்தது. சம்பங்கி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தே, எங்கப்பனை வையாத. காலு என்னுது. புடின்னு நான்தான் சொன்னேன்."

எல்லப்பன் ஓடித் தாங்கப் போனான். மாதம்மாள் அவன் துண்டைப் பிடித்து நிறுத்தினாள். சம்பங்கி நிலையை விட்டாள். ஒரு காலைத் தூக்கிப் படிக்கு வெளியே வைத்தாள், ஆடினாள், மற்றதையும் கொண்டுவந்து சேர்த்தாள்.

"பாத்துடி, கல்லு கெடக்குது" என்று லட்சுமியம்மாள் குனிந்து அதை எடுத்துப் போட்டாள்.

சம்பங்கி அவளைத் தாண்டித் தெருவுக்கு நடந்தாள்.