கன்னியம்மா அக்காவின் கொண்டை

போன செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக்கில் ஒருவருக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தபோது செல்வியின் போன் வந்தது. "அம்மா போயிடுச்சு டாக்டர். தூக்கத்துலயே." அவர் கையில் சுற்றிய பட்டையை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். கீழ்க்கட்டளையில் கன்னியம்மா அக்காவிடம் மீன் வாங்கியவர்களுக்கும், அஸ்தினாபுரத்தில் என் கிளினிக் பெஞ்சில் அவரிடம் அதட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் மகள் செல்விதான் அவரை இழுத்து வந்தாள். வலது தோள் இறுகிப்போய், மீன் கூடையைத் தலைக்கு ஏற்ற முடியவில்லை. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று படித்த கேள்வியைக் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மார்க் இன்னாத்துக்கு? ஆறு மாசமா என் தலைய என் பொண்ணு முடிஞ்சி வுடுது. அத்த எழுதிக்கோ."

கூடையைப் பற்றிச் சொன்னபோது கலங்காத கண் அப்போது கலங்கியது. நானும் அதையே எழுதிக்கொண்டேன்.

மாத்திரை, களிம்பு எதற்கும் தோள் மசியவில்லை. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றதும் செல்வி பயந்துவிட்டாள். உடம்பு ஊதிவிடுமாம், எலும்பு கரைந்துவிடுமாம். தினமும் மாத்திரையாக விழுங்குவது வேறு, தோளில் ஒரு தடவை போடுவது வேறு என்றேன். ஊசி வலியைத்தான் கொஞ்ச நாளைக்கு அடக்கும், அதற்குள் பயிற்சி செய்து கையைத் தளர்த்துவது உங்கள் பாடு என்றும் சொன்னேன். அக்கா என் பேச்சைக் கேட்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நடுங்குதே டாக்டரம்மா. மொதல் ஆளு நானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பெரிய டாக்டர்கள் பக்கத்தில் நிற்கப் போட்டிருக்கிறேன், தனியாக இதுதான் முதல் தடவை என்றேன்.

"அப்போ அவசரப்படாத. தண்ணி குடிச்சிட்டு வந்து குத்து. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

குடித்தேன். கை நடுக்கம் நின்றது, ஊசியும் சரியாகவே இறங்கியது.

ஆனால் மூன்றாம் நாள் நாக்கு வறண்டு வந்து நின்றார். சர்க்கரை எகிறியிருந்தது. இந்த ஊசிக்குப் பிறகு சில நாள் அப்படி ஏறலாம். அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தும் அதைச் சொல்ல மறந்த மகராசி நான். என் தப்புதான் என்றேன். ஒத்துக்கொண்டாயே, அது போதும், அடுத்த ஆளுக்காவது சொல் என்றார். ஒரு வாரத்தில் சர்க்கரை இறங்கியது. என் ஞாபகத்தின் மேல் மட்டும் அவருக்கு அப்புறம் நம்பிக்கையே வரவில்லை. கிளினிக் பக்கம் வரும்போதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் மடக்குவார். "சுகர் கீதா? கீதுன்னா உள்ள போனதும் மொதல்ல அத்த சொல்லு. டாக்டரம்மா மறந்துடும்." எனக்கு மானம் போகும். எத்தனை பேரை அது காப்பாற்றியதோ!

ஊசி போட்ட இரண்டாம் மாதம், கூட்டமான ஒரு காலையில், தலைவிரி கோலமாக, வாயில் ஹேர்பின்னோடு உள்ளே நுழைந்தார். நான் சொல்லிக்கொடுத்த பயிற்சிப்படி, தினமும் சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகிய கை அது. இரண்டு கையையும் தூக்கி, என் எதிரிலேயே கொண்டை போட்டார். ஒரு தடவை நழுவியது. மறுபடியும் சுற்றினார். பின்னைக் குத்திக்கொண்டு, "வரேன்" என்று போய்விட்டார். காத்திருந்தவர்கள் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக்குப் போனேன். தலை வாரி, கொண்டை முடிந்து, பூ வைத்திருந்தார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குத்தான் டாக்டர் நான் முடிஞ்சேன். இத்தனை வருஷமா தலையத் தொடவே வுடல."

நேற்று தோள் வலியோடு ஒரு தையல்கார அம்மா வந்தார். மார்க் கேட்கவில்லை. தலையை யார் முடிந்துவிடுகிறார்கள் என்று கேட்டேன். மருமகள் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. எழுதிக்கொண்டேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார், ஊசிக்குப் பிறகு சில நாள் ஏறலாம் என்று மறக்காமல் சொன்னேன். பிறகு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஊசியைக் கையில் எடுத்தேன்.