பாதியாகாத மகரந்தம்

பூச்செடிகளில் புது ரகம் உருவாக்கி விற்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குத் தூசியம்மா என்று பட்டப்பெயர். எப்போது பார்த்தாலும் சட்டைக் கையில் மகரந்தத் தூள் ஒட்டியிருக்கும். கட்டிக்கொண்ட பாவத்துக்கு அந்தக் கறையைத் தேய்த்துத் துவைப்பது அவள் வீட்டுக்காரர்.

அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது ஒரு ரோஜா நிற லில்லி. சிவப்பு ஒன்றையும் வாசனையுள்ள வெள்ளை ஒன்றையும் சேர்த்து அவளே உண்டாக்கிய கலப்பு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் கிழங்கு சுலபத்தில் அழுகிவிடும். அழுகலைத் தாங்கும் இன்னொரு லில்லியோடு இதைச் சேர்த்தால் சரியாகிவிடும். சேர்க்கத்தான் வழியில்லை, செடி மலடு.

மகரந்தம் உருவாகும்போது செல்லில் உள்ள குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிறகு ஆளுக்குப் பாதியாகப் பிரிய வேண்டும். இந்தச் செடியிலோ அப்பா வழியும் அம்மா வழியும் முகம் கொடுத்தே பேசிக்கொள்வதில்லை. பங்கு பிரிப்பது குளறுபடியாகி, மகரந்தம் எல்லாம் சப்பை. மொத்தக் குரோமோசோமையும் இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலாக ஒரு ஜோடி கிடைத்துவிடும். அதற்கென்று ஒரு மருந்து இருக்கிறது. கிழங்குத் துண்டுகளை அதில் ஊறவைத்தாள். பாதி செத்தன. மீதியில் ஓர் இலையில் இரட்டித்தால் அடுத்த இலையில் பழையபடியே நின்றது. வருஷக்கணக்கில் இதே கூத்து.

"இன்னும் எவ்வளவு நாள்தான் ஊறவைப்பீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஊறுகாயா போடறேன், தேதி சொல்ல?" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில், செடிகள் மொட்டு விட்டிருந்த நேரம் பார்த்து கண்ணாடிக் கூடத்தின் ஹீட்டர் படுத்துக்கொண்டது. மெக்கானிக் போனிலேயே குடும்பம் நடத்தினார். "நாளைக்குக் கண்டிப்பா வந்துடறேன் மேடம்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க!"

அவர் வந்து சேர்வதற்குள் மொட்டுகள் பாதி உதிர்ந்திருந்தன. வீட்டுக்குப் போய் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "விடேன், செடிதானே," என்றார் கணவர். அவள் பார்த்த பார்வையில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நழுவினார்.

தப்பிப் பிழைத்த மொட்டுகள் பூத்தன. எரிச்சலோடுதான் மகரந்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். வழக்கமான சப்பைகளுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குண்டு குண்டாகச் சில. பாதியாகப் பிரிய வேண்டிய வேலையைக் குளிர் கெடுத்திருக்கிறது. பங்கு பிரியாமலே மொத்தச் சொத்தையும் கட்டிக்கொண்டு வந்த மகரந்தம். எப்போதாவது தானாகவே நடப்பதுதான், இந்தச் செடியில் அவள் கண்டதில்லை. சூலிலும் அப்படி ஒன்று இருந்தால், இரண்டும் சேர்ந்து இரட்டிப்பாகிவிடுமே?

அதே கலப்பில் பிறந்து, அதே குளிரில் நின்ற அக்கா தங்கைச் செடிகளுக்கு அந்தத் தூளைப் பூ பூவாகத் தடவினாள். எல்லாம் வாடி விழுந்தன, ஒரே ஒரு காயைத் தவிர. அதற்குள் உமிக்கு நடுவே தேறிய விதை ஒன்றுதான்.

முளைத்தது. தடித்த இலை, பெருத்த தண்டு. சோதித்தபோது குரோமோசோம் சரியாக இரட்டை. அது பூக்க மூன்று வருஷம் பிடித்தது. பூவும் பெரிது, மகரந்தமும் ரொம்பத் திடம். ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள்.

"பிரமாதம்! ஆனா மத்ததெல்லாம் பூத்து முடிஞ்சப்புறமா இது பூக்குது? சந்தையே முடிஞ்சுடுமே!"

"இரட்டிச்ச செடி கொஞ்சம் மெதுவாத்தான் சார் வளரும். இதை விக்க வேண்டாம், தாயா வச்சுக்கலாம்."

"சரி, எதுக்கும் இதே மாதிரி இன்னும் நாலு பண்ணிக்காட்டுங்களேன்."

காட்ட முயன்றாள். அதாவது, வேண்டுமென்றே குளிர வைத்துப் பார்த்தாள். ஒரு தடவை குளிர் போதவில்லை. அடுத்த தடவை ஒரு வரிசையே கருகிப்போனது. எந்த மொட்டு, எந்தக் கட்டத்தில், எவ்வளவு குளிர் என்று பிடிபடவே இல்லை. "ஒரு தடவை நடந்தது ஏன் மறுபடி நடக்கல?" என்று அவர் கேட்கக் கேட்க, அவளுக்குத் தலை வெடித்தது. அதே கேள்வியைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில், கையில் இருந்த அந்த ஒற்றைச் செடியை வைத்தே வேலையைத் தொடங்கினாள். அதற்குக் கிடைத்த இடம் கதவோரம், காற்று அடிக்கும் மூலை. அழுகலைத் தாங்கும் லில்லியோடு சேர்த்ததில் காய் பிடித்தது. நாற்றுகளை நோய் மண்ணிலேயே நட்டாள். பெரும்பாலானவை போய்விட்டன. இரண்டு மட்டும் அழுகாமல் நின்று, சந்தை முடிவதற்கு முன்பே ரோஜா நிறத்தில் பூத்தன. வாசனைதான் கொஞ்சம் மட்டு.

மேனேஜர் கையைக் குலுக்கினார். "சபாஷ்! நம்மகிட்ட இருக்கற மஞ்சள் லில்லிக் கலப்பும் மலடாத்தானே கிடக்கு? அடுத்த சீசனுக்குள்ள அதையும் முடிச்சுடலாம்ல?"

"அதை நீங்களே செடிகிட்ட கேட்டுச் சொல்லுங்க சார்," என்று கையுறையைக் கழற்றி மேஜையில் எறிந்துவிட்டு, டீ குடிக்கப் போனாள்.